லாரி ஏன் கவிழ்ந்தது என்று எந்தத் தாளில் இருக்கிறது?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். 1999 கார்கில் சண்டையின்போது, ஜூன் மாதம், ஓர் இரவில் பீரங்கிக் குண்டுகள் ஏற்றிக்கொண்டு திராஸ் பக்கம் போன அவருடைய லாரி பள்ளத்தில் கவிழ்ந்து வலது தொடை எலும்பு முறிந்தது. ஷெல் ஒன்று பக்கத்தில் விழுந்து அதன் சிதறல் இடது தோளில் பாய்ந்ததால்தான் ஸ்டீயரிங் கையைவிட்டுப் போனது என்று அப்பா சொல்வார், அதுவும் அம்மா கேட்டால் மட்டும். ஸ்ரீநகரிலும் உதம்பூரிலும் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்தவர் பிரிவில்) பணியைத் தொடர்ந்து, 2009-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 30 சதவீத ஊனம் என்று போட்டு டிஸெபிலிட்டி பென்ஷன் வருகிறது. ஆனால் எல்லாப் பேப்பரிலும் ‘வாகன விபத்து’ என்றுதான் இருக்கிறது. போர்க் காயமாக மாற்றித் தரும்படி போன வருடம் எழுதினோம். ‘பதிவுகளின்படி இது விபத்து, பேட்டில் கேஷுவல்டி (போரில் காயமடைந்தவர்) ஆகாது’ என்று பதில் வந்தது. இத்தனை வருடம் கழித்து மாற்ற முடியுமா? காயத்துக்கான மெடல் கிடைக்குமா? ஒருவர் வரும் அரியர்ஸில் 20 சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அப்பாவோ, ‘விடும்மா, உயிரோட வந்ததே போதும்’ என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு முன்னாள் படைவீரரின் மகள், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இணைத்திருந்த மனுவின் நகலையும் வந்த பதிலையும் படித்தேன். மனு முழுக்கத் தொடை எலும்பைப் பற்றித்தான் இருக்கிறது. எத்தனை ஆபரேஷன், எத்தனை ஸ்குரூ, இன்றும் மாடிப்படி ஏற முடியாதது, தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாதது. தோளில் பாய்ந்த சிதறல் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு எழுதிய கடிதத்தில்கூட அது ஒரே ஒரு வாக்கியமாகத்தான் வருகிறது. உங்கள் அப்பாவின் வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

காயம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து ராணுவம் அதைப் போர்க் காயம் என்று சொல்வதில்லை. எதனால் வந்தது என்பதைத்தான் பார்க்கும். ஒரு கால் போனாலும் விபத்தில் போயிருந்தால் விபத்துதான். நகத்தளவு இரும்புத் துண்டு எதிரியின் ஷெல்லிலிருந்து வந்து பாய்ந்திருந்தால் அது போர்க் காயம். நீங்கள் காயத்தின் வேதனையை எழுதினீர்கள். பதில் எழுதியவர் காரணத்தைத் தேடினார்; மனுவில் அது இல்லை; பழைய பேப்பரில் ‘வாகன விபத்து’ என்று இருந்தது; அதையே திருப்பி எழுதிவிட்டார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை.

பணம், மெடல் இரண்டும் இந்தக் காரணத்தில்தான் தொங்குகின்றன. பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாதுகாப்பு அமைச்சகம் 31.01.2001 அன்று வெளியிட்ட பென்ஷன் ஆணை, படைவீரர்களின் ஊனத்தையும் மரணத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 1996-க்குப் பிறகு பணியில் இருந்தவர்களுக்கு இது பொருந்தும். ‘ஏ’ ராணுவப் பணியோடு தொடர்பே இல்லாத இயற்கைக் காரணம். ‘பி’ பணியால் வந்த அல்லது பணியால் மோசமான நோய். ‘சி’ பணியின்போது நேர்ந்த விபத்து. உங்கள் அப்பா இப்போது இருக்கும் இடம் இதுதான். ‘டி’யைத் தாண்டி ‘இ’க்கு வந்தால் எதிரியின் நடவடிக்கை, எல்லை மோதல், போர் போன்ற சூழல், அரசு தனியாக அறிவித்த ராணுவ ஆபரேஷன்கள் ஆகியவை வருகின்றன. கார்கில் சண்டையான ஆபரேஷன் விஜய்க்கு இடம் ‘இ’யில்தான். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்குப் புது விதிகள் வந்துவிட்டன. அவற்றைப் பற்றி யூடியூபில் பேசுவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், 2009-இல் வெளியே வந்தவருக்கு அவை பொருந்தாது.

‘சி’யில் இருப்பவருக்குக் கிடைப்பது டிஸெபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அதன் அளவு. ‘இ’யில் இருப்பவருக்கு வார் இஞ்சுரி எலிமென்ட், அதாவது போர்க் காயத்துக்கான பகுதி. காயத்துக்குப் பிறகும் பணியில் தொடர்ந்து, காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கு இது 60 சதவீதம். காயத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டவருக்கு இன்னும் அதிகம், நூறு சதவீத ஊனத்துக்கு முழுச் சம்பளம். உங்கள் அப்பா பணியில் தொடர்ந்தவர், ஆகவே 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சம்பளம் 40,000 ரூபாய் என்போம். 30 சதவீத ஊனத்துக்கு இப்போது வருவது 3,600. வகை ‘இ’ ஆனால் அதே 30 சதவீத ஊனத்துக்கு 7,200. இவற்றின் மேல் அகவிலைப்படி தனி.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 50 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேலே உள்ளதை 100 என்றும் எடுத்துக்கொள்ளும் முறை அதே 2001 ஆணையிலேயே உண்டு. காயத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பர் 10-இல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் இது வீடு தேடி வருவதில்லை, கேட்டு வாங்கியவர்களே அதிகம். உங்கள் அப்பாவின் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் இன்னும் 30 என்றே இருந்தால், போர்க் காய விவகாரம் என்ன ஆனாலும் இதைத் தனியாகக் கேட்கலாம். 50 என்று ஆனால் மேலே சொன்ன கணக்கு 6,000, 12,000 என்று மாறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பணியில் தொடரும்போது மாதாந்திர எலிமென்ட்டுக்குப் பதிலாக மொத்தத் தொகை வாங்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. மாதாமாதம் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் அப்பா அதை எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் பி.பி.ஓ.வை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது காரணம். ‘லாரி கவிழ்ந்தது’ என்பது நடந்ததன் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை யாராவது அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்களா? உங்கள் வேலை அந்தத் தாளைத் தேடுவது.

கார்கிலில் அந்தச் சாலை எப்படி இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் தேசிய நெடுஞ்சாலையைத் தோலோலிங், டைகர் ஹில் போன்ற உச்சிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் நேராகப் பார்த்து, பீரங்கிக்கு இலக்குச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிகள் ஹெட்லைட் போடாமல் இரவில் ஊர்ந்து போயின. தோலோலிங் ஜூன் 13-இலும் டைகர் ஹில் ஜூலை 4-இலும் மீட்கப்பட்ட பிறகுதான் அந்தச் சாலை மூச்சு விட்டது. அப்பா சொல்லும் சம்பவத் தேதி இந்தக் காலத்துக்குள் விழுகிறது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் ‘அந்தச் சாலையில் ஷெல் விழுந்தது’ என்பது வேறு, ‘இந்த லாரியின் பக்கத்தில் ஷெல் விழுந்தது’ என்பது வேறு. இரண்டாவதற்குத்தான் தாள் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜுரி ரிப்போர்ட். படைவீரருக்கு அடிபட்டால் யூனிட் நிரப்பி, டாக்டர் குறிப்போடு கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட்டு அனுப்பும் படிவம் அது. ‘எப்படி நேர்ந்தது’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பது அதன் சுருக்கத்தின் சுருக்கம். ‘எதிரி ஷெல்லிங்கின்போது வாகனம் கட்டுப்பாட்டை இழந்து’ என்று மூலத்தில் இருந்து, நகலெடுத்து நகலெடுத்துக் கடைசியில் ‘வாகன விபத்து’ மட்டும் மிஞ்சிய கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பார்ட் டூ ஆர்டர். ஒரு ஜவானின் வாழ்க்கையில் லீவு, திருமணம், குழந்தை பிறப்பு, காயம் எதுவானாலும் பதிவேட்டில் ஏறுவது இந்த ஆர்டர் வழியாகத்தான். பேட்டில் கேஷுவல்டி என்றால் அப்படி ஓர் ஆர்டர் வந்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ‘பிசிக்கல் கேஷுவல்டி’ (போரால் அல்லாத காயம்) என்று வந்திருக்கும், அல்லது ஒன்றுமே வராமல் இருந்திருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தவறாக ஏறியதைத் திருத்தக் கேட்பது ஒரு மாதிரி மனு, ஏறாததை ஏற்றக் கேட்பது வேறு மாதிரி மனு. கார்கிலில் காயமடைந்தவர்கள் 1,363 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் அப்பா அந்தக் கணக்கில் வந்தாரா இல்லையா என்பது இந்த ஆர்டரைப் பொறுத்தது.

மூன்றாவது, பலருக்குத் தோன்றாத இடம்: லாரியின் பேப்பர். ராணுவத்தில் ஒரு வாகனம் நாசமானால் அதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு நஷ்டம், எப்படிக் கழிப்பது என்று கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற உள் விசாரணை வைத்து எழுதித் தீர்ப்பார்கள். டிரைவரின் தோளில் என்ன பாய்ந்தது என்று யாரும் விரிவாக எழுதாமல் போயிருக்கலாம். லாரியின் கேபினில் எத்தனை ஓட்டை என்று யாராவது எழுதியிருப்பார்கள். பணிமனை ஆய்வுக் குறிப்பில் ‘ஸ்பிளின்டர்’ (சிதறல்) என்ற ஒரு சொல் இருந்தால் போதும். அன்றைக்கு வண்டியை ஓட்டியதற்காக அப்பாவின் மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை, சம்பளத்தில் பிடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு சாட்சிதான். பாரம் ஏற்றிய ராணுவ லாரியைத் தன் கவனக்குறைவால் பள்ளத்தில் விட்ட டிரைவரை ராணுவம் சும்மா விடாது.

நான்காவது ஆஸ்பத்திரிப் பேப்பர். அட்மிஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, பிறகு நடந்த மெடிக்கல் போர்டுகள், 2009 ரிலீஸ் மெடிக்கல் போர்டு. இவற்றில் இடது தோளில் ஒரு சின்னக் கிழிகாயம் என்றாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். தொடை முறிந்து இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஆளிடம் தோளில் இருக்கும் ஓட்டையை அவசரத்தில் ‘லாசரேட்டட் வூண்ட்’ என்று எழுதித் தையல் போட்டிருப்பார்கள். பெரிய காயம் சின்னக் காயத்தை விழுங்கிவிடும், இது எல்லாப் போர்க்கள ஆஸ்பத்திரியிலும் நடப்பது. ஆஸ்பத்திரிகள் பழைய கேஸ் ஷீட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும் என்பதால், முதலில் அப்பாவின் படைப்பிரிவுப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் மருத்துவக் கோப்பைக் கேளுங்கள்.

ஐந்தாவது சாட்சி அப்பாவின் உடம்பிலேயே இருக்கலாம். அந்தச் சிதறலை எடுத்தார்களா என்று கேளுங்கள். சின்னத் துண்டுகளைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், தேடி எடுக்கப் போனால் சேதம் அதிகம். இருந்தால் ஓர் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் வழியாக எடுத்து, ரேடியாலஜிஸ்ட் கையெழுத்தோடு ரிப்போர்ட் வாங்குங்கள். எக்ஸ்ரே தேதியைச் சொல்லாது, 1999-இல் பாய்ந்தது என்று அதை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் 1999 பேப்பரில் அதே தோளில் ஒரு காயம் பதிவாகியிருந்து, இன்று அதே இடத்தில் உலோகத் துண்டு தெரிந்தால், ‘வெறும் விபத்து’ என்று சொல்பவர்தான் பிறகு விளக்கம் தர வேண்டியிருக்கும். இதற்கிடையே ஒன்று: உடம்பில் இரும்பு இருக்கலாம் என்றால், என்ன வியாதிக்காகவும் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதை வழக்கறிஞராகச் சொல்லவில்லை.

இதையெல்லாம் வாங்குவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு. மனுவில் அப்பாதான் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கேட்டால் மூன்றாம் நபரின் தகவல் என்று மறுப்பார்கள், அவரே தன் பேப்பரைக் கேட்டால் அந்தப் பேச்சு எழாது. ‘எல்லா ஆவணங்களும் தருக’ என்று எழுதாதீர்கள். அடையாள எண், பெயர், யூனிட், சம்பவ மாதம் போட்டு, இன்ஜுரி ரிப்போர்ட், அந்தக் காயம் தொடர்பான பார்ட் டூ ஆர்டர், கோர்ட் ஆஃப் என்கொயரி நடவடிக்கை, எல்லா மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு என்று ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் தனி. அப்பாவுக்குத் தன்னுடையது எது என்று தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். போர் நாட்களில் யூனிட் எழுதிய குறிப்பேடான வார் டைரியையும் கேட்கலாம். பாதுகாப்புக் காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு, மறுத்தால் கவலை வேண்டாம், பிறகு ராணுவத் தீர்ப்பாயத்தின் மூலம் வரவழைக்கலாம்.

பேப்பர் வரும் வரை அப்பாவின் கூட இருந்தவர்களைத் தேடுங்கள். முன்னெல்லாம் இது நடக்காத காரியம். இப்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, காலையில் குட்மார்னிங் படம் அனுப்புவதற்காவது எல்லோரும் அதில் இருப்பார்கள். அந்த இரவு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ-டிரைவர், பின்னால் வந்த லாரிக்காரர், கான்வாய் கமாண்டராக இருந்த ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி), இவர்களில் ஒருவர் கிடைத்தாலும் போதும். அபிடவிட் வாங்கும்போது அவரவர் பார்த்ததை மட்டும் அவரவர் வார்த்தையில் எழுதட்டும். ‘ஷெல் சத்தம் கேட்டது, முன்னால் போன வண்டி வலது பக்கம் இறங்கியது, நான் ஓடிப் போனபோது சட்டைத் தோளில் இரத்தம்’ என்று ஒருவர் எழுதினால் அதற்கு மதிப்பு. நான்கு பேர் அபிடவிட்டிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் படித்துக் காட்டிச் சிரிப்பார்.

அப்பாவிடமும் இதே முறைதான். ‘அன்னைக்கு என்ன நடந்தது சொல்லுங்க’ என்று கேட்டால் ‘விடும்மா’ என்றுதான் வரும். வண்டி எந்தக் கியரில் போனது, எங்கே லோடு ஏற்றினீர்கள், எத்தனை வண்டி, நிலா வெளிச்சம் இருந்ததா என்று கேளுங்கள். டிரைவர்கள் வண்டியைப் பற்றிப் பேசுவார்கள், பேச்சு தானாகத் தோளுக்கு வரும். சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள், அழகுபடுத்தாதீர்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள்.

இந்தப் பேப்பர்களோடு புதிய மனு ஒன்று ரெக்கார்ட் ஆபீஸ் தலைமை அதிகாரிக்குப் போக வேண்டும். முதல் கோரிக்கை, பேட்டில் கேஷுவல்டி என்று பார்ட் டூ ஆர்டர் திருத்தம். இரண்டாவது, அதன்படி வகை ‘இ’ என்று கொண்டு வார் இஞ்சுரி எலிமென்ட்டுக்கான திருத்திய பி.பி.ஓ. மூன்றாவதாக மெடல். இந்த வரிசை முக்கியம். மெடலை முன்னால் வைத்தால் மனு விருதுப் பிரிவுக்குப் போய், அங்கே ‘பேட்டில் கேஷுவல்டி ஆர்டர் இல்லை’ என்று எழுதித் திருப்பிவிடுவார்கள்.

வாதத்தை இரண்டு படியாக வையுங்கள். சிதறல் பாய்ந்தது, அதனால் கட்டுப்பாடு போனது, அதனால் தொடை முறிந்தது. ஆகவே இரண்டு காயமும் எதிரியின் நேரடி நடவடிக்கையின் விளைவு என்பது முதல் படி. சிதறலுக்குப் பேப்பர் கிடைக்காமல் போனாலும், ஷெல்லிங் நடக்கும் சாலையில், விளக்கில்லாமல், சண்டைக்கான குண்டுகளைக் கொண்டு போகும்போது நேர்ந்ததைச் சாதாரண வாகன விபத்தோடு சேர்க்க முடியாது என்பது இரண்டாவது படி. ஆபரேஷன் பகுதியில், சண்டையின்போது நேரும் விபத்துக் காயங்களையும் பேட்டில் கேஷுவல்டியாகக் கொள்ளும் இடம் ராணுவ ஆணையிலேயே உண்டு. ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், இரண்டாவது படி மட்டும் இருந்தால் வழக்கு இழுபறிதான். ஆபரேஷன் பகுதியில் அடிபட்டவர்கள் எல்லோரும் பேட்டில் கேஷுவல்டி ஆகிவிட மாட்டார்கள். கேம்பில் வாலிபால் ஆடி முட்டி போனவரும் அந்தப் பகுதியில்தான் இருந்தார்.

இந்த இரண்டாவது படிக்குத் துணையாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன சரோஜ் தேவி வழக்கு. ஜம்மு காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே ரோந்து போன ஒரு நாயக், கடும் குளிரில் மூச்சுத் திணறி இறந்துபோனார். முதலில் பேட்டில் கேஷுவல்டி என்று போட்டார்கள், பிறகு பிசிக்கல் கேஷுவல்டி என்று மாற்றிவிட்டார்கள். எதிரி சுடவில்லையே என்பது அரசின் வாதம். தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இறந்தவரின் மனைவியை இவ்வளவு தூரம் இழுத்திருக்கக் கூடாது என்று சொல்லி, 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்கள் அப்பாவின் சங்கதி வேறு, அது மரணம், இது காயம். இருந்தாலும் வகை ‘இ’யை எவ்வளவு விரிவாகப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைக் காட்டலாம்.

அமெரிக்காவில் இந்த மாதிரிப் பதிவுத் திருத்தத்துக்கென்றே ஒவ்வொரு படைக்கும் தனி வாரியம் இருக்கிறது. அங்கே 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்துக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகள் எரிந்துபோனதால், மாற்று ஆதாரங்களை வைத்துப் பதிவுகளை மீட்டெடுக்கும் வழக்கமே உருவாகிவிட்டது. நம்மிடம் அப்படித் தனி வாரியம் கிடையாது. ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தாலோ, மனு கொடுத்து ஆறு மாதம் பதிலே வராவிட்டாலோ, ராணுவத் தீர்ப்பாயம்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு வந்த மறுப்புக்கு அந்தக் காலம் தாண்டியிருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். பென்ஷன் ஒவ்வொரு மாதமும் குறைவாக வருவது தொடரும் தவறு என்பதால் தீர்ப்பாயம் பெரும்பாலும் கதவை மூடாது.

ஆனால் கதவு திறந்தாலும் பணப்பெட்டி முழுதாகத் திறக்காது. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வைத்தது. 1983-இல் வெளியேற்றப்பட்ட அந்த வீரர் 1999-இல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் உண்டு, ஆனால் அரியர்ஸ் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் என்றார்கள். ஆகவே 2009-லிருந்து மொத்தமாக வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்று வருடத்தை எண்ணத் தொடங்குவது நீங்கள் வழக்குப் போடும் நாளிலிருந்துதான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாத அரியர்ஸ் உதிர்ந்துவிடும்.

மெடல் பற்றிக் கேட்டீர்கள். பராக்கிரம் பதக் என்ற காய மெடல் உண்டு. எதிரியின் நேரடி நடவடிக்கையால் காயமடைந்தவர்களுக்கு அது. தொடை எலும்புக்காக அது கிடைப்பது கடினம், தோளுக்காகக் கிடைக்கலாம். மெடல் அப்பாவுக்கு வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது பென்ஷனைவிடப் பெரியது, சிலர் அதைத் தொடவே மாட்டார்கள். கல்லூரி இடஒதுக்கீட்டில் போர் ஊனமுற்றோர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள். அந்த வரிசையில் மேலே இருப்பது போரில் ஊனமாகி அதனாலேயே வெளியே அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள். அப்பா பணியில் தொடர்ந்தவர்.

‘உயிரோட வந்ததே போதும்’ என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அது அவர் சொல்லக் கூடிய வார்த்தை. ஆனால் அவருக்குப் பின் அம்மாவின் குடும்ப பென்ஷன் பேப்பர் எல்லாம் ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் இந்தப் பழைய பதிவை வைத்துத்தான் ஓடும், ஆகவே பெயர், பிறந்த தேதி, ஊனத்தின் வகை எதிலும் பிழை இல்லாமல் அவர் இருக்கும்போதே சரிசெய்வது நல்லது என்று எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலான ராணுவத்துக்காரர்கள் தனக்காகச் செய்யாததை வீட்டம்மாவுக்காகச் செய்வார்கள்.

கடைசியாக அந்த 20 சதவீதக்காரர். அவர் வழக்கறிஞர் என்றால், ஜெயித்த தொகையில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. வழக்கறிஞர் இல்லை என்றால் உங்களுக்கு அவர் தேவையே இல்லை. தகவல் உரிமை மனுவையும் ரெக்கார்ட் ஆபீஸ் மனுவையும் எழுத உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள், காசு வாங்க மாட்டார்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் கட்டம் வந்து, வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் அங்கேயே சட்ட உதவி கேட்கலாம். அந்த ஆளிடம் அப்பாவின் அசல் டிஸ்சார்ஜ் புக்கோ, பி.பி.ஓ.வோ, கையெழுத்திட்ட வெற்றுத் தாளோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், தகவல் உரிமை மனு அனுப்பும் முன்பு முதல் வேலையாக அவற்றைத் திரும்ப வாங்கி வையுங்கள்.